எதை நம்பிப் பிள்ளைக்குக் கொடுப்பது?

(ரிச்சர்ட்ஸ் டவுனில் நடந்த நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், கார்மெண்ட்ஸ் தொழிலாளியான ஒரு தாய் பேசியது. சற்றுச் சுருக்கி வெளியிடுகிறோம்.)



மேடையில் பேசிப் பழகியவள் இல்லை நான். கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். ஒரு பெண், ஒரு பையன். சங்கத்து அண்ணன் ஒருவர் வந்து, “உணவு, மருந்து பற்றித் தினமும் ஏதாவது செய்தி வருகிறதே, அதைப் பற்றி ஒரு தாய் பேசினால் நன்றாக இருக்கும்” என்றார். “நான் எந்தச் செய்தியையும் சுலபத்தில் நம்பாதவள் ஆயிற்றே” என்றேன். “அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறோம்” என்றார். அதனால் வந்தேன். தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் நம் போனுக்கு வரும் செய்திகளை எண்ணிப் பாருங்கள். காலையில் இட்லியில் புற்றுநோய். பத்து மணிக்குக் கேக்கில் புற்றுநோய். மத்தியானம் பாலில் சோப்புத்தூள். சாயந்திரம் பானிபூரி. ராத்திரி படுக்கப் போகும்போது, ஏதோ ஒரு இலையை வேகவைத்துக் குடித்தால் இது எல்லாமே சரியாகிவிடும் என்று ஒரு வீடியோ. இதையெல்லாம் நம்பினால் பிள்ளைக்கு எதையும் கொடுக்க முடியாது. எதையும் நம்பாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் அனுபவித்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கே தைரியம் வர வேண்டும்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரத்து இருநூறு சட்டை ஒரு லாட் என்று வையுங்கள். பையர் கம்பெனியின் ஆள் வருவார். ஆயிரத்து இருநூறையும் பார்க்க மாட்டார். எண்பது பீஸ் எடுப்பார். அதுவும் ஒரே பெட்டியில் எடுக்க மாட்டார், அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பார். அதில் ஐந்து பீஸ் வரை பழுது இருந்தால் லாட் போகும். ஆறாவது வந்துவிட்டால் மொத்த லாட்டும் திரும்பும், நாங்கள் ஓவர்டைம் நின்று மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே யாராவது “சோதனையில் இத்தனை ஃபெயில்” என்று சொன்னால் என் வாயில் உடனே வரும் கேள்விகள் இவைதான்: எத்தனை எடுத்தீர்கள்? எங்கிருந்து எடுத்தீர்கள்? என்ன பழுது? பட்டன் தளர்ந்திருப்பதும் ஊசி முனை உடைந்து துணிக்குள் இருப்பதும் ஒன்றா? குழந்தைச் சட்டையில் ஊசி முனை ஒன்று இருந்தாலும் எண்ணிக்கை பேசிக்கொண்டிருக்க மாட்டோம், லாட் அங்கேயே நிற்கும்.

இந்தக் கண்ணால் நம் ஊர்ச் செய்தியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் பெங்களூர்க் கேக்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று எல்லா டிவியிலும் ஓடியது. எங்கள் தெருவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கையே ரத்து செய்தார்கள். கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னது என்ன? 235 கேக் மாதிரி எடுத்தார்கள். 223 சரியாக இருந்தது. 12-ல் அளவுக்கு மேல் செயற்கை நிறம். அந்த 12 தப்புத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 223 என்ற எண்ணை எத்தனை பேர் உங்களுக்குச் சொன்னார்கள்?

அதே 2024-ல், மார்ச் 11-ஆம் தேதி, கோபி மஞ்சூரியன் பற்றி வந்த செய்தி வேறு மாதிரி. 171 மாதிரியில் 107-ல் செயற்கை நிறம். பஞ்சு மிட்டாயில் 25-க்கு 15. இது பன்னிரண்டு பீஸ் கதை இல்லை. லாட்டே பழுது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் புதுச்சேரியும், பிறகு பிப்ரவரி 17-ல் தமிழ்நாடும் ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்திருந்தன. மெரினாவில் விற்ற மிட்டாயை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். ரோடமின்-பி என்றால் என்ன என்று உங்களில் கார்மெண்ட்ஸில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது சாயம். துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் போடுவது. அதைச் சாப்பாட்டில் போட எந்த அளவிலும் அனுமதி இல்லை.

ஆனால் செய்தியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள், கவனித்தீர்களா? டார்ட்ரசின், சன்செட் யெல்லோ. இவை சில இனிப்பு வகைகளில், சில பானங்களில் ஓர் அளவு வரை போடலாம் என்று சட்டமே சொல்கிற நிறங்கள். கோபியில் போடக் கூடாது. சட்டப்படி அது குற்றம். என்றாலும் துணிச் சாயமும் இதுவும் ஒன்றில்லை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி “புற்றுநோய்” என்று முத்திரை குத்திவிட்டால் படிக்கிறவனுக்கு எது ஊசி முனை, எது தளர்ந்த பட்டன் என்று எப்படித் தெரியும்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் கொழுந்தனார் கோபி வண்டி போடுகிறார். அந்த மார்ச் மாதம் ஏழு வருஷச் சிறை, பத்து லட்சம் அபராதம் என்று டிவியில் சொன்னதும் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலத்தை என்னிடம் காட்டினார். சிவப்புத் தூள். மேலே பெயர் இல்லை, நம்பர் இல்லை, செய்தவன் யார் என்று இல்லை. கடையில் “கோபி கலர்” என்று கேட்டால் கொடுப்பார்களாம். “அண்ணி, இது என்ன தூள்?” என்று என்னைக் கேட்டார். விரலில் தொட்டுத் தண்ணீரில் விட்டேன். எங்கள் டையிங் யூனிட் வாசலில் ஓடும் தண்ணீர் நிறம் அப்படியே வந்தது. அது எந்தச் சாயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. ஆனால் பெயர் போடாத தூளை என் பிள்ளைக்குக் கொடுப்பேனா? அன்று ராத்திரியே சாக்கடையில் கொட்டினோம். அதற்குப் பிறகு மிளகாய்த்தூள் நிறத்தோடு மட்டும் விற்றார். “என்னய்யா, நோயாளி மாதிரி வெளுத்திருக்கு” என்று வாடிக்கைக்காரர்கள் போய்விட்டார்கள். இரண்டு மாதம் வருமானம் பாதி. பிறகு மெல்லத் திரும்பி வந்தார்கள்.

நான் கேட்பது இதுதான். வண்டிக்காரனைப் பிடிக்க அதிகாரி வந்தார், நல்லது, வரட்டும். அந்தப் பெயர் இல்லாத பொட்டலத்தைக் கட்டியவன் வீட்டுக்கு யார் போனார்கள்? தெருவில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிகிறான். சாயத்தை மொத்தமாக விற்பவன் தெரிவதில்லை. சிவப்பாக இருந்தால்தான் வாங்குவேன் என்று நின்ற நாமும் இதில் சேர்த்திதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இட்லிச் செய்தியையும் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில், மாநிலம் முழுக்க 251 இடங்களில் பார்த்ததில் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரித்து இட்லி வேகவைக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் சொன்னார், தடையும் வந்தது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கொதிக்கும் ஆவியில் மெல்லிய பிளாஸ்டிக்கை வைக்காதே என்று நம் பாட்டிக்கும் தெரியும். ஆனால் அந்த ஓட்டல்காரன் ஏன் துணியை விட்டான்? துணியைத் தினமும் துவைக்க வேண்டும், கொதிநீரில் போட வேண்டும், காய வைக்க வேண்டும், அதற்கு ஓர் ஆள், அந்த ஆளுக்குக் கூலி, அதற்கு மேல் தண்ணீர். 2024 கோடையில் இந்த ஊரில் தண்ணீர் லாரிக்கு என்ன விலை கேட்டார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளாஸ்டிக்கை உருவிப் போட்டால் வேலை முடிந்தது. எங்கள் தெரு முனையில் இட்லி விற்கும் அக்காவிடம் நேரே போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துணிதான். மஞ்சளேறிப் போயிருந்தது, ஆனால் துணிதான். அவரிடம் இன்றும் வாங்குகிறோம்.

பெரிய கம்பெனியானால் கதை வேறு. 2015 ஜூன் 5-ல் மேகி நூடுல்ஸில் ஈயம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கத் தடை போட்டது. அனுமதித்த அளவு பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு, ஒரு சோதனையில் வந்தது 17-க்கு மேல் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்த நான்கு பாக்கெட்டை வெளியே போட்டேன். கம்பெனிக்காரர் ஆயிரக்கணக்கான டன் சரக்கைத் திரும்ப எடுத்து எரித்தார்கள். ஆகஸ்ட் 13-ல் பம்பாய் ஐகோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. கம்பெனி தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று கோர்ட் சொன்னது. மறுபடி மூன்று ஆய்வகங்களில் சோதித்தார்கள், தேறியது. நவம்பரில் கடைக்கு வந்துவிட்டது. ஆக முதலில் பயந்தது தப்பா, பிறகு சாப்பிட்டது தப்பா? எனக்கு அன்று வந்த கோபம் கம்பெனி மேல் மட்டும் இல்லை. ஈயத்தைச் சரியாக அளக்கத் தெரிந்த, கோர்ட்டில் நிற்கக்கூடிய ஆய்வகத்தில் முதலிலேயே கொடுத்திருக்கலாமே! தப்பான அளவுகோலை வைத்து அளந்தால், குற்றவாளியும் தப்புவான், குற்றமில்லாதவனும் மாட்டுவான். பெரிய கம்பெனிக்குப் பெரிய வக்கீல் இருக்கிறார். என் கொழுந்தனாருக்கு யார் இருக்கிறார்?

இனி, சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

2017 பிப்ரவரி 5-ல் இதே பெங்களூரில்தான் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கினார்கள். கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அத்தனை பேருக்கும், பள்ளிக்கூடத்திலேயே. அப்போது என் மகளுக்கு எட்டு வயது. ஊரிலிருந்து தங்கை ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாள். அந்த ஊசி போட்டால் பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, வெளிநாட்டுக்காரன் சதி என்று. அதைப் பேசியவர் குரல் படித்தவர் குரல் மாதிரி இருந்தது. தமிழ்நாட்டில் நிறையப் பெற்றோர் இப்படிப் பயந்து பிள்ளையை அனுப்பவில்லை, இயக்கத்தின் தேதியையே நீட்டிக்க வேண்டி வந்தது. நானும் அனுப்பவில்லை. காய்ச்சல் என்று டீச்சரிடம் பொய் சொன்னேன். எதையும் நம்பாதவள் என்று எனக்கு ஒரு கர்வம் அப்போது. சர்க்கார் சொன்னதை நம்பாதவள், முகம் தெரியாத ஒருவன் குரலை மட்டும் ஏன் நம்பினேன் என்று அன்று என்னை நானே கேட்கவில்லை.

மறு வருஷம் அவளுக்கு மணல்வாரி போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். பத்து நாளில் அவள் எழுந்து விளையாடப் போய்விட்டாள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், ஒரே குழாய், ஒரே கக்கூஸ். அந்த வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. தட்டம்மை ஊசி போடும் வயதே வராத குழந்தை. அதற்கு ஒட்டிக்கொண்டது. அம்மை இறங்கி நுரையீரலில் சளி கட்டி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன். குழந்தை பிழைத்தது. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. இன்றுதான் முதல் தடவை வெளியில் சொல்கிறேன். அவர்கள் வீடு மாறிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

பக்கத்துப் பிரேசர் டவுன் எப்படி வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1898-ல் பிளேக் வந்து ஊர் காலியான பிறகு, நெருக்கடியைக் குறைத்துக் காற்றோட்டமாக, எலி புகாதபடி வீடு கட்டிக் குடியேற்ற வேண்டும் என்று போட்ட பேட்டை. அன்றைக்கும் ஜனங்கள் நோய்க்குப் பயந்ததைவிட வதந்திக்கு அதிகம் பயந்து மூட்டை கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். போன் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது இருமல் மருந்து.

2025 செப்டம்பர் முதல் மத்தியப் பிரதேசத்தில், முக்கியமாகச் சிந்த்வாடா மாவட்டத்தில், சாதாரணச் சளி இருமலுக்குச் சிரப் குடித்த குழந்தைகளுக்கு மூத்திரம் நின்று, சிறுநீரகம் செயலிழந்து, 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப் போனார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். அந்த மருந்து கோல்ட்ரிப். செய்தது எங்கே? நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனியில். இங்கிருந்து சென்னைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால் வழியில் வரும் ஊர். அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், சோதித்த மாதிரிகளில் நச்சு எதுவும் இல்லை என்று அறிக்கை விட்டது. அன்றைக்கு ராத்திரியே தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் முடிவு வந்து சேர்ந்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். இருக்கலாம் என்று விடும் அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் கிட்டத்தட்டப் பாதி விஷம்!

செக்கிங் டேபிளில் நிற்கும் என்னைப் போன்றவளுக்கு அந்த இரண்டு அறிக்கையும் ஒரு பெரிய பாடம். முதல் அறிக்கை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் எடுத்த பீஸில் பழுது இல்லை. பழுது இருந்த பெட்டி அவர்கள் கைக்கு அப்போது வரவில்லை. “பார்த்தவற்றில் இல்லை” என்பதை “எதிலுமே இல்லை” என்று காதில் வாங்கிக்கொண்டு அன்று சாயந்திரம் எத்தனை வீட்டில் நிம்மதியாகப் பாட்டிலைத் திறந்திருப்பார்கள்!

டைஎத்திலீன் கிளைகால் என்பது பிரேக் ஆயில் மாதிரிச் சரக்குகளில் சேர்க்கும் தொழிற்சாலைத் திரவம். நிறம் இல்லை, இனிப்பாக இருக்கும். சிரப்பில் மருந்தைக் கரைக்கச் சுத்தமான கிளிசரினோ புரொப்பிலீன் கிளைகாலோ வாங்க வேண்டும். மருந்துக்கு ஆகும் தரம் விலை அதிகம், தொழிற்சாலைத் தரம் மலிவு. பார்க்க இரண்டும் ஒன்று. பீப்பாயைச் சோதிக்காமல் ஊற்றினால் முடிந்தது. இது புதிதும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இதே விஷத்தால் செத்தார்கள். 1972-ல் சென்னையில் குழந்தைகள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேர். 2022-ல் காம்பியா நாட்டில் குழந்தைகள் செத்தபோது, இந்தியாவில் செய்த சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி மாதிரிதான் வருகிறது. சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலைக்கு 2011 முதல் லைசென்ஸ் இருந்தது. குழந்தைகள் செத்த பிறகு போய்ப் பார்த்தபோது 350-க்கும் மேற்பட்ட குறைகளை எழுதினார்கள். அத்தனை குறையும் ஒரே ராத்திரியில் முளைத்ததா? எங்கள் கம்பெனியில் சட்டைக்குள் நூல் தொங்கினால் வெளிநாட்டுப் பையர் ஆள் வருஷத்தில் பல தடவை வந்து நிற்கிறான். பிள்ளை குடிக்கும் மருந்துக்கு அந்தக் கண் இல்லையே!

அந்த அக்டோபர் வாரம் என் பையனுக்கு நாலு வயது, நல்ல இருமல். வீட்டில் பாதி பாட்டில் சிரப் இருந்தது. ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல், பில் இல்லாமல் வாங்கியது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மகள் போன் வெளிச்சத்தில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். லேபிள் கசங்கி, எண்ணெய்க் கறை. பேட்ச் நம்பர் இருந்த இடம் கிழிந்திருந்தது. மருந்தின் பெயர் வேறு என்பது மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு! பையன் நெற்றியைத் தொட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். எத்தனை தடவை மூத்திரம் போனான் என்று எண்ணினேன். காலையில் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், அந்த அம்மா நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, “மருந்தே வேண்டாம், வெந்நீர் கொடுங்கள், மூச்சு வேகமாக இழுத்தால் உடனே வாருங்கள்” என்று அனுப்பினார். மருந்து எழுதாத டாக்டரா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அதே அக்டோபர் 3-ல் சொல்லியிருக்கிறது. சாதாரண இருமல் தானாகவே போகும். அந்தச் செய்தி என் போனுக்கு வரவில்லை. இலையை வேகவைக்கும் வீடியோ வந்தது.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கம் வைத்திருக்கிறோம். மருந்து வாங்கினால் பில், அதில் பேட்ச் நம்பர். பில் தராத கடையில் வாங்குவதில்லை. பத்து ரூபாய் அதிகமானாலும் சரி. மருந்து குடித்து ஏதாவது ஆனால் சொல்ல 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைக்காரன் ஏமாற்றினால் 1915. இன்னொன்று நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, வாங்குகிற நாமே ஒரு பொருளைச் சர்க்கார் ஆய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் “சோதனைக்கு அனுப்பப் போகிறேன்” என்று சொல்லிவிட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும், பொருள் பழுது என்று வந்தால் அந்தப் பணம் திரும்ப வரும். தனியாக ஒரு குடும்பம் இதைச் செய்ய முடியாது, ஒரு நாள் கூலி போய்விடும். சங்கம் செய்யலாம். எந்தப் பொருள் என்று நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் உதிரியாக விற்கும் மஞ்சள்தூளும், அந்தப் பெயரில்லாத சிவப்புத் தூளும்.

நோட்டீசுகள் கன்னடத்தில் வருகின்றன, எனக்கென்ன புரியும் என்று யாரும் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகள் ஸ்கூலில் கன்னடம் படிக்கிறார்கள். என் மகள் படித்துச் சொல்கிறாள். நானும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன், ஐம்பது வயதுக்குள் முடித்துவிடுவேன்.

என் பையில் நான்கு பாட்டிலும் ஒரு மசாலா பாக்கெட்டும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் டீக்கு நிற்கும்போது, லேபிளில் எங்கே என்ன பார்க்க வேண்டும் என்று மகள் காட்டுவாள். மூக்குக் கண்ணாடி இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள், எழுத்து ரொம்பப் பொடி.